சந்தனம் பூசிய ஸ்பிரிங் கம்ப்ரஸர்

காந்தி நகர், அடையாறு
விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி புகழேந்திக்கு,

அண்ணி நீரஜா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அன்புக்கரசியும் நலமாகத்தான் இருப்பீர்கள். நேற்று அவள் தொலைபேசியில் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசியதிலிருந்து அது தெரிந்தது. பண்டிகைக்கு அவள் கொடுத்தனுப்பிய சுண்டல் வந்து சேர்ந்தது. உப்பு சற்றுத் தூக்கல் என்பதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

அசோக் நகருக்கும் அடையாறுக்கும் நடுவே கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "அதில்ல அண்ணி" என்று தொடங்கிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் நம் ஒப்பந்தம் பற்றியது. ஆகஸ்டில், உங்கள் அண்ணனின் மூன்றாம் ஆண்டு நினைவு நாளன்று, உங்கள் வீட்டுக் கூடத்தில், பாயசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, இருபத்தொரு பேர் முன்னிலையில், "எழுபத்து மூணு வயசுல இனிமே கார் எதுக்கு அண்ணி? அதுவும் லொடக்கு லொடக்குன்னு சத்தம் போடுற கார். கூப்பிட்டா கால் டாக்சி வாசலுக்கே வருது. ரெஸ்ட் எடுங்க" என்றீர்கள். புனேயிலிருந்து வீடியோவில் என் மகள் தீபிகா, "சித்தப்பா சொல்றது கரெக்ட்மா" என்றாள். காரை வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் நீங்கள் தயாராக வைத்திருந்தீர்கள். நான் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காகிதம் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன். பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்யும் பரிசோதனையில் என் கார் தேறினால், கார் என்னிடமே இருக்கும், நானே ஓட்டுவேன், அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கக்கூடாது. தேறாவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆளிடம் சாவியை நானே கொடுத்துவிடுவேன், நானும் பேச்செடுக்க மாட்டேன். கையெழுத்தும் போட்டேன். பரிசோதனை வரும் திங்கட்கிழமை. அதற்கு நான் எப்படித் தயாரானேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஒரு பழைய காருக்கு இத்தனை பிடிவாதம் ஏன் என்று அன்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கால் டாக்சியில் ஏறியவுடன் நாலு இலக்க எண் ஒன்றைச் சொல்லி, நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். எங்கே போகிறேன் என்பதை அதற்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். எனக்கோ மயிலாப்பூருக்கு என்று கிளம்பி, லஸ் முனையில் மனம் மாறி, கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பிவிடுகிற பழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று பேர் "எங்க இருக்கீங்க, சாப்டீங்களா" என்று கேட்கிற வயதில், நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது. அதை அந்தக் கார் தருகிறது. வேறு எதுவும் தருவதில்லை.

இனி அந்தச் சத்தம். முன்பக்கம், இடது புறம், எட்டு மாதமாக. வேகத்தடையில் ஏறினால் ஒரு லொடக், இறங்கினால் ஒரு லொடக், மழைக்காலப் பள்ளங்களில் எண்ண முடியாது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில், "இந்த மாடல் இப்ப வர்றதில்ல மேடம், எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுங்க" என்று எனக்குப் புதுக் காரின் படத்தைக் காட்டினார்கள். அங்கிருந்து இந்திரா நகரில் ஷெட் வைத்திருக்கும் டில்லிபாபுவிடம் போனேன். அவர் பானெட்டின் இடது மூலையில் இரண்டு கையையும் ஊன்றி மூன்று முறை அழுத்தி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "லெப்டு ஷாக்கு அவுட்டும்மா" என்று தீர்ப்புச் சொன்னார். புது ஷாக் அப்சார்பர் தேடிப் பிடித்துத் தருவதாகவும் சொன்னார்.

இங்கே உங்களுக்குச் சிறிது விளக்க வேண்டும், ஏனெனில் பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருடம் பாலம் கட்டியவருக்குக் கார் தெரியும் என்று அர்த்தமில்லை. அந்த ஷாக் அப்சார்பரைச் சுற்றித் தடித்த கம்பியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காரிலிருந்து கழற்றி எடுத்த பிறகும், அது இரண்டு தட்டுகளுக்கு நடுவே நசுங்கியபடியே காத்துக்கொண்டிருக்கும். அதை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தலைப்பக்கத்து நட்டைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் கழற்றினால் ஸ்பிரிங் எகிறும். எதிரே இருப்பது சுவராக இருந்தால் சுவர், முகமாக இருந்தால் முகம்.

"எதால் அழுத்துவீர்கள்?" என்று டில்லிபாபுவைக் கேட்டேன்.

"கயிறுதாம்மா. நைலான் கயிறு போட்டு நாலு சுத்து இறுக்கிக் கட்டிக்குவோம். மேல நம்ம பஞ்சாட்சரம் குந்திக்குவாரு. நான் நட்டைக் கய்ட்டிடுவேன்."

பஞ்சாட்சரம் அவருடைய கூட்டாளி. ஐம்பது வயதிருக்கும். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"தொண்ணூத்தி நாலும்மா," என்றார் அடக்கமாக. "இப்ப கொஞ்சம் எளைச்சிட்டேன்."

"எளைச்சா இன்னா, ஒரு சிமெண்டு மூட்டைய மடியில வச்சிக்க," என்றார் டில்லிபாபு.

"கயிறு அறுந்துபோனால்?"

"இருவது வருசமா அறுந்ததில்லம்மா."

"பஞ்சாட்சரம், உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?"

"ரெண்டு பொண்ணும்மா. பெரிசு நர்சு வேலைக்குப் போவுது."

"அந்த மட்டில் வசதிதான்," என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தம்பி, எனக்கு அந்த இடத்தில்தான் மனம் நின்றுவிட்டது. எனக்குச் சொந்தமாக ஒரு மணி நேரம் வேண்டும் என்பதற்காக, இரண்டு பெண்களைப் பெற்ற ஒருவர் நைலான் கயிற்றை நம்பி ஸ்பிரிங்கின் மேல் உட்கார வேண்டுமா? இந்த வேலைக்கென்று உலகில் ஒரு கருவி இல்லாமலா இருக்கும் என்று கேட்டேன். "கீதும்மா. ஸ்பிரிங் கம்ப்ரஸருன்னு பேரு. பெரிய ஷெட்டுல வச்சிருப்பாங்கோ. அத்த மாட்டிக் கய்ட்டற நேரத்துல நான் ரெண்டு வண்டி முடிச்சிருவேன்," என்றார். அந்தக் கருவியை நான் வாங்குகிறேன், வேலை எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்தத்தில் என் கண் முன்னால் நடக்கட்டும் என்றேன். டில்லிபாபு பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். பஞ்சாட்சரம் டீ டம்ளரைப் பார்த்தார். இரண்டு பேரும் வயதானவரிடம் வாதாட வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது எனக்குத் தெரிந்தது. அதை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

முதலில் இணையத்தில் தேடினேன். அங்கே வாங்கியவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். "மிக அருமையான பொருள், இன்னும் பயன்படுத்தவில்லை" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். பரீட்சைத் தாளைத் திறக்காமலேயே மதிப்பெண் போடுகிற ஆசிரியரைக் நான் வேலை பார்த்த கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர்கள் ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் வரவழைத்தேன். மரையுள்ள நீளமான இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள். மேல் கொக்கி ஸ்பிரிங்கின் ஒரு சுற்றைப் பிடித்துக்கொள்ளும், கீழ்க் கொக்கி இன்னொரு சுற்றைப் பிடித்துக்கொள்ளும், கம்பியைத் திருகினால் இரண்டும் நெருங்கும், ஸ்பிரிங் நசுங்கும். யோசனை நல்ல யோசனை. ஆனால் கூட வந்த ஆங்கிலக் குறிப்பில் பதினோரு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன், அனுப்புவதற்கு முகவரிதான் இல்லை. கருவியில் எங்கேயும் செய்தவன் பெயர் கிடையாது. தன் பெயரைப் போடத் துணியாதவன் செய்த கொக்கியில் எவ்வளவு சுமையைத் தொங்கவிடலாம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, லொடக்கு லொடக்கென்று புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில் பீர் முஹம்மது என்பவருக்குக் கருவிக் கடை. டில்லிபாபு சொல்லித்தான் போனேன். கூட வரச் சொன்னதற்கு, மானம் போய்விடும் என்று மறுத்துவிட்டார். பீர் முஹம்மதுக்கு ஏறக்குறைய என் வயது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என் கொக்கியை வாங்கி ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார்.

"சத்தம் செத்துக் கெடக்கு, கேட்டீங்களாம்மா? இது வார்ப்பு. சுமை ஏறுனா சொல்லாம கொள்ளாம உடையும். அடிச்சுச் செஞ்ச இரும்பு முதல்ல கொஞ்சம் வளைஞ்சு காட்டும்."

குடும்பத்தில் சிலரும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் சந்திப்பில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் மூன்று விதமான கருவிகளை மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, "ஸ்பிரிங் கம்பி எவ்வளவு தடிமன்? ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் எவ்வளவு எடம் இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காரின் பெயரைச் சொன்னேன், நிறத்தைச் சொன்னேன். "அளவு எடுக்காம ஜாக்கெட் தைக்கக் குடுப்பீங்களாம்மா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் தம்பி, இந்த மாதிரிக் கேள்விகளை வாழ்நாள் முழுவதும் நான்தான் மற்றவர்களைக் கேட்டு வந்திருக்கிறேன். முதல்முறையாக அது என் பக்கம் வந்தபோது காது சுட்டது. இதுவரை என்னால் கேள்வி கேட்கப்பட்டு நின்ற அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். ராயப்பேட்டை தாண்டும்போது உங்கள் ஞாபகமும் வந்தது.

மறுநாள் காலை கார் சக்கரத்தருகே செய்தித்தாளை விரித்து, அதில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் தையல் டேப்புமாக அளவெடுத்தேன். எங்கள் கட்டடத்தைப் பெருக்குகிற முத்தம்மா என் கால்களை மட்டும் பார்த்துவிட்டு, "ஐயோ, நீரஜாம்மா வியுந்துட்டாங்கோ" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்திவிட்டாள். நான் அடியிலிருந்து "இல்லை, ஆறரை சுற்று" என்றேன். தலையில் அடிபட்டிருக்கிறது என்று முடிவு செய்து தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். இந்த அமளிக்கு நடுவே எடுத்த அளவுகள் என்றாலும் துல்லியமானவை. கட்டம் போட்ட தாளில் படமாக வரைந்து எடுத்துப் போனேன். பீர் முஹம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதை நான் வச்சிக்கலாமா?" என்று கேட்டார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டேன்.

பிறகு தேர்ந்தெடுத்தோம். சுவரில் போல்ட் அடித்துப் பொருத்தி, நெம்புகோலால் அழுத்துகிற வகைதான் எல்லாவற்றிலும் பத்திரமானது. ஆனால் எங்கள் சங்கத்தில் தூணில் காலண்டர் மாட்டவே பொதுக்குழு கூட்ட வேண்டும். ஒற்றைத் திருகோடு நண்டுபோல இரண்டு பக்கமும் கவ்வுகிற வகை எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு பக்கமும் தானாகவே சமமாக இறங்கும்; ஆனால் அதன் கை தடிமன், என் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே நுழையாது என்று என் படமே சொல்லிவிட்டது. கடைசியில் மீண்டும் இரண்டு கம்பி வகைக்கே வந்தோம். ஆனால் இது அடித்துச் செய்த கொக்கி, இரட்டை நகம், ஸ்பிரிங் நழுவாமல் குறுக்கே போடுகிற பூட்டு ஊசி, செய்தவர் பெயர் எல்லாம் உள்ளது.

"இதுல ஒண்ணே ஒண்ணு பாத்துக்கணும்," என்றார் பீர் முஹம்மது. "ரெண்டும் எதிரும் புதிருமா மாட்டி, இந்தப் பக்கம் நாலு சுத்து, அந்தப் பக்கம் நாலு சுத்துன்னு மாத்தி மாத்தி வரணும். அவசரக்காரன் ஒரே பக்கம் சுத்துவான், ஸ்பிரிங் வாழைப்பழமாட்டம் வளையும். அப்புறம் அது எங்க போவும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். மெசின் போட்டுச் சுத்தவே கூடாது. அழுத்துன ஸ்பிரிங்கை அப்படியே வச்சுட்டும் போகக்கூடாது. யாரும்மா சுத்தப் போறது?"

"ஒரு மெக்கானிக்."

"பொறுமையான ஆளா?"

"இல்லை."

"அப்ப நீங்க பக்கத்துல நின்னு எண்ணுங்க."

இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. ஆனால் புது ஷாக் அப்சார்பர் கிடைக்கத் தாமதமாகி, ஆயுத பூஜையன்று காலைதான் கைக்கு வந்தது. டில்லிபாபுவும் பஞ்சாட்சரமும் ஒன்பது மணிக்கு வந்தார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். நாலு என்றதும் பக்கம் மாற வேண்டும். ஒருமுறை ஐந்தாவது சுற்றுக்குப் போனபோது பிடித்துவிட்டேன். "பரீச்சை ஹாலு மாதிரி கீதும்மா," என்றார் டில்லிபாபு. பஞ்சாட்சரம் ஓரமாக நின்று, தான் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு கம்பிகள் இருப்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்குப் பழைய ஷாக் அப்சார்பர் வெளியே வந்துவிட்டது. நசுங்கிய ஸ்பிரிங், கம்ப்ரஸரின் பிடியில், ஒரு கோணிச் சாக்கின்மேல் இருந்தது. இரண்டு பேருக்கும் மோர் எடுத்துவர நான் மாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் ஆட்கள் இல்லை. கம்ப்ரஸரைத் துடைத்து, கம்பிக்கு மூன்று பட்டை சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, முன்னால் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங் அதன் பிடியிலேயே இருந்தது. தொலைபேசியில் டில்லிபாபுவைப் பிடித்தேன்.

"ஷெட்டுல பூசைம்மா, நல்ல நேரம் தாண்டிடும்னு ஓடியாந்துட்டோம். உங்க டூலு புதுசு, அதான் அங்கியே பூசை போட்டுட்டேன்."

"ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் போய்விட்டீர்களே."

"பூசை போட்டாச்சும்மா. நாளைக்குக் காலைலதான் தொடணும். ஒண்ணும் ஆவாது."

"ஆகாது என்று எந்த ஸ்பிரிங் உங்களிடம் சொன்னது?"

"சாமி பாத்துக்கும்மா," என்றார். பின்னால் மணி அடிக்கிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டார்.

நான் சுற்றிலும் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, துணிக்கொடியை அவிழ்த்துவந்து வேலி கட்டி, காவலுக்கு உட்கார்ந்தேன். ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியாததல்ல. உங்கள் அம்மா அன்றைக்கு வேண்டிய காய்கறியை முந்தின நாளே நறுக்கி வைத்துவிட்டு, அரிவாள்மனைக்குச் சந்தனம் வைத்துச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வந்த நாற்பத்தெட்டு வருடத்தில் நானும் ஒருமுறைகூட மீறியதில்லை. நம்பிக்கையா என்று கேட்டால், வருடம் முழுவதும் வேலை செய்த ஒன்றுக்கு ஒரு நாள் ஓய்வு தருவது நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு மணிக்குப் பொரிகடலை வாங்கக் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். கார் நிறுத்தத்தில் பந்து ஆட்டம் தொடங்கியது. பந்து ஒருமுறை என் வேலிக்குள் வந்து விழுந்தது. இரண்டாவது முறை எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டது.

அப்போதுதான் அந்தக் கருவியைச் சரியாகப் பார்த்தேன். அரிவாள்மனை அன்று சும்மா சாய்ந்திருக்கும். தையல் மெஷின் சும்மா இருக்கும். உங்கள் அண்ணனின் ஸ்பேனர் பெட்டி சும்மா இருக்கும். இந்தக் கம்ப்ரஸர் மட்டும், நெற்றியில் குங்குமத்தோடு, கழுத்தில் மாலையோடு, பஞ்சாட்சரம்போல மூன்று ஆள் எடையைப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. ஊரிலுள்ள ஆயுதங்களில் ஓய்வு என்ற பெயரில் வேலை வாங்கப்பட்டது அது ஒன்றுதான். ஓய்வு என்றால் சுமையை இறக்கி வைப்பது. சந்தனம் பூசி ஓரமாக வைப்பதல்ல. ஆகஸ்டில் நீங்கள் என்னிடம் "ரெஸ்ட் எடுங்க" என்றபோது எனக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்பது அந்த நிமிடம்தான் எனக்கே புரிந்தது. எழுந்துபோய் உங்கள் அண்ணனின் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். அதற்கும் சந்தனம் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளை வெளி கேட்டுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, முகத்தை நேரே காட்டாமல் பக்கவாட்டில் குனிந்து, முதல் கம்பியை நாலு சுற்று தளர்த்தினேன். எழுந்து, சுற்றிப் போய், எதிர்ப்புறக் கம்பியை நாலு சுற்று. மறுபடி எழுந்து, சுற்றி வந்து, இந்தப் பக்கம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை சுற்றும்போது பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. திரும்பினால் முத்தம்மா, கைகூப்பிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் இரண்டாம் மாடி அம்மாள், தட்டில் கற்பூரத்தோடு. மாலை போட்ட ஒன்றை ஒரு பெரியவள் குனிந்து குனிந்து வலம் வந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"முத்தம்மா, தள்ளிப் போ. இது எகிறும்."

"சக்தியுள்ள சாமியாம்மா?"

"ரொம்ப. முகத்தை நேரே வைக்காதே."

அதற்குப் பிறகு போவாளா? முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றினாள். இரண்டாம் மாடி அம்மாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மொத்தம் பதினோரு வலம். பதினோராவது வலத்தில் கொக்கிகள் தளர்ந்து ஸ்பிரிங் சாதுவாகச் சாக்கில் சாய்ந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முத்தம்மா கற்பூரத்தைக் காட்டி, என் கையில் கொஞ்சம் பொரியை வைத்து மூடினாள். சாப்பிட்டேன்.

விஜயதசமியன்று காலை டில்லிபாபு வந்து, தளர்ந்துகிடந்த ஸ்பிரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்பியை மாட்டிக்கொண்டு தானாகவே "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன். சத்தம் நூற்றுக்கு எண்பது பங்கு போய்விட்டது. மிச்சம் இருபது பங்கு, புது சாமான் செட்டாகிற சத்தம் என்றார், அப்படித்தான் இருக்கும். ஆகவே திங்கட்கிழமை கார் தேறும். உங்கள் ஆளிடம் வேறு கார் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் சிரமப்பட்டு வர வேண்டாம். அளவெடுத்து, ஆராய்ந்து, முறைப்படி ஒரு வேலையைச் செய்தால் யாருடைய தயவும் தேவையில்லை என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி.

அன்புக்கரசியின் முழங்கால் வலி தீரட்டும். உங்கள் ரத்த அழுத்தம் நீங்கள் இதைப் படித்து முடித்த பிறகும் அளவோடு இருக்கட்டும். இருவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
நீரஜா

பி.கு.: திங்கட்கிழமை மாலை. முடிவையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். மேலே உள்ளதில் பெரும்பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். பரிசோதனைக்கு வந்த அதிகாரி, "நீங்க ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்று இடது கதவைத் திறந்தார். உங்கள் அண்ணனுக்குப் பிறகு, நான் ஓட்டும்போது அந்த இருக்கையில் என் கைப்பையைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதல் மேட்டில் லொடக். இரண்டாவது மேட்டிலும் லொடக். சாவியை உங்கள் ஆளிடம் கொடுப்பதுபோல ஒரு காட்சி என் கண்ணில் ஓடியது. அதிகாரி குனிந்து, தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, டயர் மாற்றக் காரைத் தூக்கும் ஜாக்கியை வெளியே இழுத்தார். "இதுதாம்மா ஆடுது. வச்சவங்க ஸ்க்ரூவைத் திருகாம விட்டிருக்காங்க," என்று அதை உள்ளே வைத்துக் கையாலேயே திருகினார். பத்து வினாடி. கருவி எதுவும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கார் தேறிவிட்டது. டில்லிபாபுவிடம் சொன்னேன். "பழைய ஷாக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு, நீங்க ஆசப்பட்டுக் கருவி வாங்கினீங்களேன்னு சொல்லல," என்கிறார்.

அந்த ஜாக்கியைக் கடைசியாக வெளியே எடுத்தது யார் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். மாசி மாதம் மதுராந்தகத்தில் வளைகாப்புக்கு என் காரை வாங்கிக்கொண்டு போய், வழியில் டயர் பஞ்சராகி, "நானே மாத்திட்டேன் அண்ணி" என்று ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டவர் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. எட்டு மாதமாக ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். நான் யாரையும் உட்காரவைக்கவில்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். உங்கள் ஆள் வேண்டாம், நீங்கள் வாருங்கள். காலை ஏழு மணிக்கு. நான்தான் ஓட்டுவேன். கைப்பையைப் பின்சீட்டில் வைத்துவிடுகிறேன்.